மஜ்மூவாவுக்கு ஒரு பித்தளை வில்லை

கரீமுல்லாவுக்கு நடக்கத் தெரியும். பார்த்து நடக்கத்தான் தெரியாது.

காலை பத்து மணிக்கு அத்தர்ப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கச்சேரி ரோட்டுப் பள்ளிவாசலுக்குப் பின்னாலிருந்த சந்திலிருந்து வெளியே வருவார். சந்து முனை வரைக்கும்தான் அவர் மயிலாப்பூரில் இருப்பார். அதற்கப்புறம் கால்கள் மட்டும் மயிலாப்பூரில் நடக்கும். ஆள் கன்னோஜுக்குப் போய்விடுவார்.

கன்னோஜ் வடக்கே அத்தர் காய்ச்சுகிற ஊர். அவர் அதைப் பார்த்ததில்லை. பெட்டியிலிருக்கும் குப்பிகள் அங்கிருந்து வருகின்றன என்று கேள்விப்பட்டதோடு சரி. ஆனால் அவருடைய கன்னோஜில் ரோஜாத் தோட்டங்களுக்கு வேலி கிடையாது. விடியலில் பூப்பறிக்கிறவர்கள் வாய் திறப்பதில்லை, பேசினால் வாசனை கலைந்துவிடும். செப்புப் பானைகளிலிருந்து எழுகிற ஆவி மேகமாகிப் பக்கத்து ஊரில் மழையாகப் பெய்யும். அந்த ஊர்க்காரர்கள் மூன்று நாள் குளிக்க மாட்டார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே போகிற மனிதருக்குக் குறுக்கே மாட்டு வண்டி வருவது எப்படித் தெரியும்?

ஒரு தரம் லஸ் மூலையில் டிராம் தண்டவாளத்தின் நடுவில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். டிராம் ஓட்டுகிறவர் மணியடித்து மணியடித்துக் கால் வலித்து, கடைசியில் இறங்கி வந்து கும்பிட்டார். இன்னொரு தரம் சித்திரக்குளத்தில் முழங்கால் வரை இறங்கிவிட்டார். படிக்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள், "சாயபு, உங்கள்லயும் இந்த வேண்டுதல்லாம் உண்டா?" என்று கேட்டார்கள்.

இதெல்லாம் அந்த நாய் வருவதற்கு முன்னால்.

நாய் வந்தது ஒரு விபத்தினால். ஒரு நாள் மஜ்மூவாக் குப்பி ஒன்று கை தவறி ரோட்டில் விழுந்து உடைந்தது. மஜ்மூவா என்றால் நாலு அத்தரைச் சேர்த்துக் கலந்த வாசனை. எங்கிருந்தோ ஒரு தெரு நாய் ஓடிவந்து, அதன் மேல் படுத்துப் புரண்டு, நாலு காலையும் வானத்துக்குத் தூக்கிக் காட்டிவிட்டு எழுந்தது. அன்றைக்கு அவரோடு கிளம்பியதுதான். மூன்று வருஷமாயிற்று.

கிளம்பியது என்றால் பின்னால் இல்லை, முன்னால். அவருக்கு ஏழடி முன்னால் போகும். வண்டி வந்தால் நிற்கும். நாய் நின்றால் அவர் கால்களும் நின்றுவிடும், அவரைக் கேட்காமலே. திங்கட்கிழமை அடையாறு, புதன்கிழமை மாம்பலம், எந்தத் தெருவில் எந்த வீட்டில் அத்தர் வாங்குவார்கள் என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். வாங்குகிற வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

லஸ் சர்ச் ரோடு வக்கீல் வீட்டு விசாலாக்ஷி அம்மாள் கேட்டைத் திறந்துகொண்டே கேட்பாள்: "ஏன் சாயபு, உங்க நாய் வந்து உக்காந்துண்டு கால் மணியாறது. நீங்க எந்த லோகத்துலேர்ந்து வரேள்?"

"என் நாய் இல்லம்மா. வாசனைக்கு வருது" என்பார் கரீமுல்லா.

பெட்டியில் மிட்டி என்று ஓர் அத்தர் உண்டு. காய்ந்த மண்ணில் முதல் மழை விழும்போது எழுகிற வாசனை. அதை ஒவ்வொரு தரமும் பஞ்சில் தொட்டு நீட்டுவார். விசாலாக்ஷி அம்மாள் ஒவ்வொரு தரமும் சிரிப்பாள். "மண் வாசனைக்குப் போய் யாராவது காசு குடுப்பாளா? மழை வந்தா ஆத்து வாசல்லேயே வரும். மூக்கை நீட்டிண்டு நின்னாப் போறும். ரோஜாவை எடுங்கோ."

நாய் அந்த ஏழடியைத் தாண்டி நெருங்கியதில்லை. நெருங்கினால் கரீமுல்லா குடையை நடுவில் நீட்டுவார். வெறுப்பு ஒன்றுமில்லை. அவர் ஐந்து வேளை தொழுகிறவர். நாயின் நாக்குப் பட்டால் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்தால் கையில் இருக்கிற வாசனை போய்விடும். அத்தர்காரனுக்குக் கைதான் கடை போர்டு.

யுத்தம் முடிந்த மறு வருஷம், புரட்டாசி வெயிலில், எங்கேயோ ஒரு நாய் யாரையோ கடித்தது. கடிபட்டவருக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. ஊர் பூராவும் தன் தன் தொப்புளைத் தடவிப் பார்த்துக்கொண்டது. உடனே கார்ப்பரேஷன் தண்டோரா போட்டது: நாய் வைத்திருப்பவர்கள் ஆபீஸில் பதிந்து, பித்தளை வில்லை வாங்கிக் கழுத்தில் கட்ட வேண்டும். வருகிற திங்கட்கிழமை முதல் வில்லையில்லாத நாயை வண்டி பிடித்துக்கொண்டு போகும். போன நாய் திரும்பாது.

அன்று மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே அவர் மனைவி ஹாஜிரா பீ சொன்னாள்: "நாளைக்கே போய் பதிஞ்சுட்டு வந்துருங்க."

"என் நாயா அது? வாசனைக்கு வர்ற நாய்."

"பட்டினப்பாக்கம் மீன்காரிகிட்ட தெனமும் தலைய மட்டும் தனியா கேட்டு வாங்கி, சந்து முனைல கொட்டாங்கச்சில வைக்கிறேனே. அத்த துன்றது இன்னா, வாசனையா?"

"அது நீ வைக்கிறது."

"சரி, எந்நாயி. என் நாய் ஒங்கள தெனமும் ஊட்டுக்கு இட்டுக்கினு வருது. நாளைக்கு வண்டிக்காரன் அத்த புடிச்சிக்கினு போனா ஒங்கள யாரு இட்டுக்கினு வருவாங்க? நானா?"

கரீமுல்லா குனிந்து சோற்றைப் பிசைந்தார். ஆனால் மறுநாள் ஆபீஸுக்குப் போனார். நாய்தான் முன்னால் போயிற்று. பதிவு செய்யப்போவது தன்னை என்று தெரியாமல், ஆபீஸ் வாசலில் யாரோ அத்தர் வாங்குகிறார்கள் என்று நினைத்து உட்கார்ந்துகொண்டது.

நாய் லைசென்ஸ் குமாஸ்தா மாணிக்கவாசகம் பிள்ளை, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நாயைக் கண்டால் அவருக்குப் பயம். அதனால்தான் அவருக்கு இந்த ஸீட் கிடைத்திருக்க வேண்டும். அவர் முன்னால் ஒரு படிவம். பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்குப் பயந்து தப்பித்து ஓடியவர்களைச் சர்க்கார் பிற்காலத்தில் இப்படித்தான் மடக்குகிறது.

"நாய்க்குப் பேரு என்னவே?"

"பேரு வைக்கலீங்க."

"பின்ன எப்படிக் கூப்பிடுவீரு?"

"கூப்பிட்டதே இல்லீங்க. அது முன்னால போவும். நான் பின்னால போவேன்."

பிள்ளை பேனாவைக் கீழே வைத்தார். "அப்பம் நீரு நாய் வளக்கல. நாய்தான் உம்ம வளக்குது. அது வந்து கையெழுத்துப் போடணும், வில்லைய உம்ம கழுத்துல கட்டணும். கேட்டீரா? சரி, நிறம் என்ன?"

"முதுகு செம்மண்ணுங்க. ஒரு காலு வெள்ளை. ஒரு காது கறுப்பு. இன்னொரு காது..."

"போதும், கலப்புன்னு எழுதிருதேன். வீட்டுலதான வளருது?"

"இல்லீங்க. தொழுவுற ஊடு, உள்ள வராது. சந்து முனைல இருக்குது."

பிள்ளை படிவத்தைத் திருப்பி வைத்துக் கடைசி வரியைக் காட்டி வாசித்தார்: இந்த நாய் என்னுடையது, என் வீட்டில் வளர்கிறது என்று உறுதி கூறுகிறேன். அதற்குக் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

கரீமுல்லா பேனாவை வாங்கினார். கோட்டைப் பார்த்தார். அவர் பொய் சொல்லாத மனிதர் என்று சந்தில் பெயர். பொய் சொல்வதென்றால் நடந்ததை ஞாபகம் வைத்திருக்க வேண்டும், அவருக்கு அது ஆகாது என்பது ஹாஜிரா பீயின் விளக்கம். எப்படியோ, இத்தனை வயசு வரைக்கும் ரோஜாவில் எண்ணெய் கலந்து விற்றதில்லை. இப்போது ஒரு கோட்டின் மேல் பொய்யை எப்படிக் கலப்பது?

"என்துதானான்னு தெரிலீங்களே" என்றார். "என் மேல இருக்கிற வாசனைக்குத்தான் வருது. நாளைக்கு வேற அத்தர்காரன் வந்தான்னா அவங்கூட பூடும். என்துன்னு எய்திக் குடுத்துட்டு, அது பொய்யா போச்சுன்னா?"

"வே, இது நாய் லைசென்ஸு. சொத்துப் பத்திரம் இல்ல. போடும்."

"மன்னிக்கணும்ங்க."

பிள்ளை அவரையே பார்த்தார். "இருபது வருசமா இந்த ஸீட்டுல இருக்கேன். சொந்த நாயையே என்னோடது இல்லன்னு சத்தியம் பண்ணித் தப்பிக்கிறவனத்தான் பாத்திருக்கேன். லைசென்ஸு வேணும், ஆனா நாய் என்னோடதான்னு தெரியலன்னு நிக்கிற ஆள இன்னைக்குத்தான் பாக்கேன். போயி யோசிச்சு வாரும். திங்கக்கிழமைக்குள்ள வாரும்."

கரீமுல்லா யோசித்தார். வெள்ளிக்கிழமை யோசித்தார், சனிக்கிழமை யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை யோசித்துக்கொண்டே கன்னோஜுக்குப் போய்விட்டார். கன்னோஜில் திங்கட்கிழமை கிடையாது.

திங்கட்கிழமை காலையில் நாய் அடையாற்றுக்குக் கிளம்பியது. அவரும் கிளம்பினார். அன்றைக்குக் கன்னோஜ் வழக்கத்தைவிட அழகாக இருந்தது. பனி விலகாத தோட்டம். ஒவ்வொரு பூவின் மேலும் ஒரு சொட்டு வெளிச்சம். அவர் வரப்பு மேல் போய்க்கொண்டே இருந்தார். தூரத்தில் எங்கேயோ ஒரு நாய் கத்தியது. நீளமாக, விடாமல் கத்தியது. அட, கன்னோஜிலும் நாய் இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டார். காவலுக்கு இருக்கும். சத்தம் மெல்ல மெல்லப் பின்னால் போய்த் தேய்ந்தது. ரோஜாக்கள் தொடர்ந்தன. வரப்பு கொஞ்சம் சரிவாக இறங்கியது. பனி காலில் பட்டது. முழங்காலில் பட்டது. அப்புறம் பனி வாய்க்குள் போயிற்று.

மந்தவெளியைத் தாண்டி பக்கிங்காம் கால்வாயில் கிடந்தார்.

கரையோரம் நின்ற விறகுப் படகிலிருந்து தணிகாசலம் என்கிற படகுக்காரன் துடுப்புக் கழியை நீட்டினான். "இன்னா நைனா, படகுல ஏறணும்னா படியாண்ட வரணும். இப்டியா எகிறிக் குதிப்பே?"

கழியைப் பிடித்துச் சேற்றிலிருந்து எழுந்த கரீமுல்லா முதலில் ஏழடி முன்னால் பார்த்தார். ஒன்றுமில்லை. தண்ணீர்தான்.

"நாய்" என்றார்.

"எந்த நாய்?"

"ஒரு காது கறுப்பு."

தணிகாசலத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. "அதுவா? மந்தவெளி முக்குல வெறகு எறக்கிட்டு இங்க வர்றப்போ பாத்தேன் நைனா. நாய் வண்டிக்காரன் வலை போட்டான். இன்னா கத்து கத்திச்சு தெரியுமா? நீ பக்கத்துலதான் போய்க்கினு இருந்தே. திரும்பிக்கூடப் பாக்கல. அது உன்து இல்லன்னு நெனைச்சுக்கினேன்."

கரீமுல்லா ஓடினார். அவர் ஓடி மயிலாப்பூர் பார்த்ததில்லை. அத்தர்ப் பெட்டி தோளிலிருந்து நழுவிக் கரையில் கிடந்தது. அதை மறந்துவிட்டுப் போனதும் அன்றைக்குத்தான் முதல் தடவை. "நைனா, பொட்டி! பொட்டி!" என்று தணிகாசலம் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை.

ஓடும்போது கன்னோஜ் வரவில்லை. மயிலாப்பூர்தான் வந்தது. இவ்வளவு வீடுகள் இந்தத் தெருவில் இருக்கின்றன என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆபீஸ் பின்கட்டில் கம்பி அடைப்பு. உள்ளே இருபது நாய்களுக்கு மேல், ஒன்றின் மேல் ஒன்றாகக் குரைத்துக்கொண்டிருந்தன. வண்டிக்காரன் துரைராஜ் பீடி குடித்துக்கொண்டு நின்றான். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த மாணிக்கவாசகம் பிள்ளை, நாய்களை முன்னிட்டு எட்டியே நின்றுகொண்டு, துண்டால் மூக்கைப் பொத்தினார்.

"என்னவே சாயபு இது கோலம்? இப்பமாவது தெரிஞ்சுதா உம்மோடதா இல்லையான்னு?"

துரைராஜ் பீடியை எறிந்தான். "தோ பாரு சாயபு, எல்லாரும் வந்து எந்நாயி எந்நாயின்றாங்க. உன்துனா கூப்புடு. வந்துச்சுனா வில்லைய வாங்கிக் கட்டி இட்டுக்கினு போ. வரலேனா அஞ்சு மணிக்கு வண்டி கெளம்பிடும். நான் ஒண்ணியும் பண்ண முடியாது."

கூப்பிட வேண்டும். என்னவென்று? மூன்று வருஷத்தில் அந்த நாயிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவர் மேல் இப்போது ஒரு சொட்டு ரோஜா இல்லை, மஜ்மூவா இல்லை. கால்வாய்ச் சேறும் ஊறிப்போன விறகின் நாற்றமும்தான் சொட்டிக்கொண்டிருந்தன. அது எப்போதும் முன்னால் போகிற நாய். அவர் முகத்தை எங்கே நன்றாகப் பார்த்திருக்கும்? வாசனைக்கு வந்த நாய், வாசனை இல்லாத ஆளை எதற்காகத் தெரிந்துகொள்ள வேண்டும்? இவ்வளவு நாள் எல்லோரிடமும் சொன்ன பேச்சு உண்மையாகிவிட்டால்?

தன் பேச்சு பொய்யாகப் போக வேண்டும் என்று கரீமுல்லா வாழ்க்கையில் முதல் தடவையாக அல்லாவிடம் துஆ கேட்டார்.

கம்பியை ஒட்டி நின்றார். குரைப்புகள், பற்கள், கண்கள். எது தன்னுடையது என்று தெரியவில்லை, அல்லது கண்ணில் சேறு. எப்போதும் செய்கிறதைத்தான் செய்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

தொங்கிக்கொண்டிருந்த வலது கையில் ஏதோ சூடாக, ஈரமாகப் பட்டது.

கண்ணைத் திறந்தார். குரைக்காமல் அடைப்பின் மூலையில் கிடந்த ஒன்று, மற்ற நாய்களின் கால்களுக்கடியில் ஊர்ந்து வந்து, கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டி, அவர் விரல்களிலிருந்த சேற்றை ஒவ்வொன்றாக நக்கிச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தது. கறுப்புக் காது மடிந்திருந்தது. ஏழடியும் குடையும் அன்றைக்கு எங்கே போயின என்று தெரியவில்லை. அவர் கையை இழுக்கவில்லை.

"என்னவே, வாசனைக்கு வாற நாய்னு சொன்னீரு?" என்றார் பிள்ளை, துண்டை எடுக்காமலே. "இந்த நாத்தத்துக்கு நானே ரெண்டு தெரு தள்ளிப் போயிருப்பேன்."

"அந்தக் காயிதத்தைக் குடுங்க" என்றார் கரீமுல்லா.

பெயர்? மஜ்மூவா. பிள்ளை மூன்று தடவை கேட்டு, எழுத்துக் கூட்டி எழுதினார். கடைசி வரிக்கு வந்தபோது கரீமுல்லா மறுபடியும் நிறுத்தினார். என்னுடையது என்பது சரி. என் வீட்டில் வளர்கிறது என்பது இன்னும் சரியில்லை. பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தானே 'வீட்டில்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'சந்தில்' என்று எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். அந்தக் குமாஸ்தா ஓர் அச்சடித்த படிவத்தைத் திருத்தினது அதுதான் முதல் தடவையாக இருக்கும். கரீமுல்லா கோட்டின் மேல் உருதுவில் கையெழுத்துப் போட்டார். பக்கத்திலேயே ஒரு சேற்றுக் கட்டைவிரலும் விழுந்தது. அது யாரும் கேட்காதது.

தலைத்துண்டின் ஓரத்தைக் கிழித்து வில்லையைக் கோத்துக் கழுத்தில் கட்டினார். கட்டுவதற்குள் மஜ்மூவா அவர் முழங்கை வரை நக்கி முடித்துத் தாடிக்குப் போய்விட்டது.

சந்துக்கு வந்தபோது ஹாஜிரா பீ வாசலில் நின்று இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். "ஒர்த்தரும் உள்ள வராதீங்க."

தெருப் பம்பில் அவள் அடிக்க அடிக்க அவர் கழுவினார். ஒன்று, இரண்டு என்று அவள் எண்ணினாள். முதல் தடவைக்குச் சந்து மண்ணை அள்ளிக் குழைத்துத் தேய்த்தார். மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் மஜ்மூவா பக்கத்தில் வந்து இன்னொரு தரம் நக்கிவிட்டது. "மொதல்லேர்ந்து" என்றாள் ஹாஜிரா பீ. திட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் தணிகாசலம் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு, மூன்று தெருவில் விசாரித்து வந்து சேர்ந்தபோது அவர்கள் இரண்டாவது சுற்றில் ஐந்தாவது தடவையில் இருந்தார்கள்.

சந்து முனையிலிருந்த கொட்டாங்கச்சி அன்று சாயங்காலம் இடம் மாறியது. வாசலுக்கு வெளியேதான், ஆனால் ஒரு சாண் வெளியே.

அதற்கப்புறம் நாளுக்கு ஒரு தரமாவது நக்காமல் மஜ்மூவா கிளம்பாது. காலையில் அத்தர் தொடுவதற்கு முன்னால் ஏழு தடவை கழுவல், அதில் ஒரு தடவை மண். போர்டு போயிற்று.

அடுத்த வாரம் வக்கீல் வீட்டு கேட்டில் பித்தளை கிணுங்கென்றது. விசாலாக்ஷி அம்மாள் வந்தாள். கரீமுல்லா ரோஜாவைப் பஞ்சில் தொட்டு நீட்டினார். அவள் பஞ்சை வாங்காமல் மூக்கைச் சுளித்தாள், பிறகு அவர் கைப்பக்கம் குனிந்தாள்.

"என்ன சாயபு, உங்க கையிலேர்ந்து மழை பெஞ்சாப்ல வாசனை வரதே! ஐப்பசி பொறந்தும் இன்னும் ஒரு சொட்டு விழலை. அந்த மண் அத்தரா? இவ்வளவு நன்னாவா இருந்தது அது? ஒரு குப்பி குடுங்கோ."

கரீமுல்லா பெட்டியில் இருந்த மிட்டியைப் பார்த்தார். கையைப் பார்த்தார். ஒரு குப்பியை எடுத்து நீட்டியிருந்தால் வியாபாரம் முடிந்திருக்கும்.

"அது வேறம்மா," என்றார். "இது விக்கிறதுக்கு இல்ல."

கேட்டுக்கு வெளியே பித்தளை மறுபடி கிணுங்கியது. நேரமாயிற்று என்று அர்த்தம். அவர் பெட்டியை மூடித் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, சத்தத்தின் பின்னால் நடந்தார். தோட்டங்கள் வந்தன, பனி வந்தது. வரப்பில் அவருக்கு மூன்றடி முன்னால் ஒரு கறுப்புக் காது போய்க்கொண்டிருந்தது.